பூச்சுக்கு உள்ளே தூண் எப்படி இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. வன்னியில் மண்பானை வாங்கப் போனால் எங்கள் அம்மாமார் விரலால் ஒரு சுண்டு சுண்டி, கணீரென்ற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் காசைக் கொடுப்பார்கள். இலட்சக்கணக்கில் செலவழித்து மாடி எடுக்கப்போகும் வீட்டின் தூணை மட்டும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, அதுதான் என் கவலை.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீடு. போருக்கு முன் கட்டியது, மீள்குடியேறி வந்தபோது கூரை இல்லை, தூண்கள் நின்றன. அவற்றின் மேலேயே ஓடு போட்டுப் பூசிவிட்டார்கள், இப்போது மகனுக்கு மேலே இரண்டு அறை வேண்டும். "இவ்வளவு காலம் நின்ற தூண்தானே தம்பி" என்றார் அந்த அம்மா. நின்றது சரி, ஓட்டுக் கூரையின் பாரத்துக்குத்தானே நின்றது.

உடைக்காமல் பார்க்க வழி இருக்கிறது. முதலில் கம்பி தேடும் மீற்றரை வைத்துக் கம்பிகள் ஓடும் இடத்தைச் சோக்கால் குறித்தோம். அப்புறம் பூச்சைச் சிறிது சுரண்டிவிட்டு ரீபவுண்ட் ஹமரால் அடித்தோம், அடித்ததும் எவ்வளவு துள்ளுகிறது என்பதை எண்ணாகக் காட்டும் சுத்தியல் அது, நல்ல எண்தான் வந்தது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது, அது தோலைத்தான் சொல்லும், வருடக்கணக்கில் காற்றுப்பட்ட கொங்கிறீற்றின் தோல் இறுகிப்போய் உள்ளதைவிட நல்ல கணக்கைக் காட்டும்.

உள்ளே பார்க்க அல்ட்ராசோனிக் கருவி. கிறீஸ் தடவி, தூணின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை, ஒலி கடக்கும் நேரத்தை அது சொல்லும், உள்ளே பொந்து இருந்தால் நேரம் கூடும். கம்பியில் ஒலி இன்னும் வேகமாக ஓடி நம்மை ஏமாற்றும், அதனால்தான் முதலே கம்பியைக் குறித்தது. தூண் 225 மில்லிமீற்றர். நெஞ்சு உயரத்தில் 54 மைக்ரோ செக்கன், அதாவது செக்கனுக்கு 4 கிலோமீற்றருக்குச் சற்று மேல், நல்ல கொங்கிறீற். அடியில் வைத்தால் 80! வேகம் 3 கிலோமீற்றருக்கும் கீழே போய்விட்டது. இரண்டு தரம் கிறீஸ் மாற்றி வைத்தும் அதே 80.

அந்த ஓரிடத்தை மட்டும் உளியால் கொத்தினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் போகும் பொந்து, தேன்கூடு மாதிரி. கம்பியிலிருந்து துரு சருகாக உரிந்தது. துருவானால் இரும்பு இரண்டு மூன்று மடங்கு வீங்கும், அந்த வீக்கமே கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும், உப்புக்காற்றுப்படும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் இது இன்னும் சுறுக்காக நடக்கும்.

உயரத்திலிருந்து கலவையைக் கொட்டுவதும், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிக்காமல் விடுவதும், பலகை இடுக்கால் சீமெந்துப் பால் வழிவதும்தான் தூணின் அடியைப் பொந்தாக்கும். புதிதாகக் கட்டுபவர்களே, பலகை கழற்றிய அன்றே அடியைப் போய்ப் பாருங்கள். பொந்து இருந்தால் மேசன் சாந்தால் மூடுவதற்கு முன் ஒரு பொறியியலாளருக்குக் காட்டுங்கள்.

அந்த வீட்டில் இப்போது சுற்றிவர முட்டுக் கொடுத்திருக்கிறது. உக்கிய பகுதியை வெட்டி, கம்பியைச் சுத்தம் செய்து, தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கொங்கிறீற்றும் போடுகிறோம். அது இறுகியதும் அதே இடத்தில் மறுபடி கருவி வைப்போம், மாடியைப் பற்றிய பேச்சு அந்த எண் வந்த பிறகு.