பின் கதவு உள்ளேயும் திறக்கவில்லை, வெளியேயும் திறக்கவில்லை: சந்தேகமும் விளக்கமும்

வாங்க, வணக்கம். வைப்பர் பேச்சுக்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, அதையெல்லாம் அடுத்த முறை பார்க்கலாம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஏனென்றால் அதைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. தாராபுரம் பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். "அண்ணா, எங்கள் காரில் பின்பக்க இடது கதவு உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. கண்ணாடி ஏறி இறங்குகிறது. வெளி ஹேண்டிலை இழுத்தால் பொசுக்கென்று வந்துவிடுகிறது. பட்டறையில் லாக் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்குக் குழந்தையும் ஆத்தாவும் வலது பக்கமாக ஏறி நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், அதனால் அவசரம் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

அந்த "அவசரம் இல்லை"க்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

நான் எப்போதும் சொல்வதுதான், பிரேக் பேச்சிலும் சொன்னேன், வைப்பரிலும் சொன்னேன்: கெட்டுப்போன பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால் நன்றாக இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். காரில் பாதி சாமான் ஜோடியாக இருக்கிறது. இடது கதவு திறக்கவில்லையா, வலது கதவுக்குப் போங்கள். அந்த ஹேண்டிலை மெதுவாக இழுத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் சும்மா வருகிறது, எந்த இடத்தில் கைக்குக் கனம் தெரிகிறது என்று. பிறகு அதே வலதுகதவை லாக் போட்டுவிட்டு இழுத்துப் பாருங்கள். நிறைய வண்டிகளில் லாக் ஆகியிருக்கும்போதும் ஹேண்டில் லேசாகத்தான் வரும். அதனால் பொசுக்கென்று வருகிறது என்றவுடனே உடைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. லாக் நிஜமாகவே விடுபட்டிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆளை ரிமோட்டை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் கதவில் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல கதவில் "டக்" என்று ஒரு சத்தம், உள்ளே லாக் மோட்டார் அடிக்கும் சத்தம். இடது கதவில் அந்தச் சத்தம் இல்லையென்றால் அது வேறு கதை. சத்தமும் இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை என்றால், கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்கள் திறந்து மூடித் திறந்து மூடி அறுந்திருக்கும், இல்லையென்றால் ஃப்யூஸ். கண்ணாடி வேலை செய்து லாக் மட்டும் செத்திருந்தால் பெரும்பாலும் அந்த மோட்டார். தங்கையின் வண்டியில் கண்ணாடி இறங்குகிறது. சத்தமும் வந்து, கண்ணாடி ஓரத்திலோ ஹேண்டில் பக்கத்திலோ இருக்கும் லாக் பொத்தானும் நகர்ந்தால், லாக் விட்டுவிட்டது என்று அர்த்தம். மின்சாரத்தை மறந்துவிடலாம்.

இப்போது கவனியுங்கள். உள் ஹேண்டிலிலிருந்து லாட்ச்சுக்கு, அதாவது கதவை மூடிப் பிடித்து வைத்திருக்கும் கொக்கிப் பகுதிக்கு, போவது ஒரு வழி, இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் கேபிள். வெளி ஹேண்டிலிலிருந்து போவது இன்னொரு வழி, அநேகமாக மெல்லிய ராடு, அதன் முனையில் நகக்கண் அளவு பிளாஸ்டிக் கிளிப். இரண்டும் தனித்தனி. இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம், அதனால் இரண்டு பக்கமும் திறக்கவில்லை என்றவுடன் இரண்டும் சேருகிற இடம், அதாவது லாட்ச், போய்விட்டது என்று பட்டறையில் சொல்வதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தங்கை ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார், குழந்தை என்று. குழந்தை இருக்கிற வீட்டில் பின் கதவில் சைல்டு லாக் போட்டிருப்பார்கள். சைல்டு லாக் போட்டால் உள் ஹேண்டில் திறக்காது, அது கோளாறே இல்லை, அதன் வேலையே அதுதான். அப்படியானால் உண்மையில் கெட்டது வெளி ஹேண்டில் மட்டும்தான். கிளிப் உடைந்திருக்கும், அல்லது ஹேண்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கை உடைந்திருக்கும். சின்னக் கோளாறு ஒன்று, நாமே போட்ட பூட்டு ஒன்று, இரண்டும் சேர்ந்து பெரிய கோளாறு மாதிரித் தெரிகிறது. சைல்டு லாக்கை எடுத்துவிட்டு உள்ளிருந்து திறக்கலாமே என்றால் முடியாது, அந்தச் சின்ன நெம்பி இருப்பது கதவின் விளிம்பில், கதவைத் திறந்தால்தான் கைக்கு எட்டும். வலது பின் கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள், அங்கே சைல்டு லாக் போட்டிருந்தால் இடதிலும் போட்டிருக்க நிறைய வாய்ப்பு. பாருங்க, மறுபடியும் நல்ல பக்கம்தான் பதில் சொல்கிறது.

ஹேண்டில் பொசுக்கென்று வராமல் நல்ல கனமாக இருந்து, இழுத்தும் விடவில்லை என்றால் லாட்ச்சைச் சந்தேகப்படலாம். அப்போதும் ஒருவர் ஹேண்டிலை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் லாட்ச் இருக்கும் இடத்தில் கதவை உள்நோக்கி அழுத்தி அழுத்தி விட்டுப் பாருங்கள். கதவு விளிம்பைச் சுற்றி இருக்கும் பீடிங் ரப்பர் கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் கொக்கி இறுகி நிற்கும், அழுத்தினால் அந்தப் பாரம் குறைந்து விட்டுக் கொடுக்கும்.

லாட்ச் என்றவுடன் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒரு மாமா ஞாபகம் வருகிறது. மார்கழியில் வண்டியைக் கொண்டு வந்தார். காலையில் டிரைவர் கதவு திறக்காது, பதினோரு மணிக்குமேல் ஒன்றுமே நடக்காத மாதிரி திறக்கும். எலக்ட்ரீஷியன் பார்த்தாகிவிட்டது, ரிமோட் பேட்டரி மாற்றியாகிவிட்டது. நான் மற்ற கதவுகளின் லாட்ச்சை விரலால் தொட்டுப் பார்த்தேன், கறுப்புக் கிரீஸ். டிரைவர் கதவில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஒன்று. கீச்சென்று சத்தம் வருகிறது என்று மில்லில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பித்துவிடும், மார்கழி விடியற்காலையில் நம் பக்கம் 20 டிகிரிக்கும் கீழே போகிறது. போதாததற்குத் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். திருப்பூர் வண்டிகளில் பனியன் பஞ்சு, பொள்ளாச்சி வண்டிகளில் நார்த் தூசி, எண்ணெய் கண்ட இடத்தில் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் அந்த நேரத்துக்கு விடுவித்துக் கொடுக்கும், ஆனால் இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்தால், துடைத்துவிட்டுக் கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும். பீடிங் ரப்பருக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே.

சரி, இப்போது அந்த "அவசரம் இல்லை". தங்கை, நீங்கள் இந்தக் கதவை எப்படிச் சரி செய்வது என்று கேட்டீர்கள். அதுவரை வண்டியில் ஏறலாமா என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். நம் ஊரில் வண்டி இடது ஓரமாக நிற்கிறது. இடது பின் கதவுதான் ஓரம் பார்த்த கதவு. அது செத்துப்போனால் ஆத்தாவும் குழந்தையும் இறங்குவது நடுரோட்டுப் பக்கம். அவிநாசி ரோட்டிலோ தாராபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலிலோ வயதானவர் வலது கதவைத் திறந்து ஒரு காலை ஊன்றி மெதுவாக எழுந்திருக்கும்போது பின்னால் பைக் வருகிறது, டவுன் பஸ் வருகிறது. நான்கு கதவில் ஒன்றுதானே என்று விடுகிறோம், ஆனால் விடக்கூடாத கதவு அதுதான். இடித்து வலது பக்கம் நசுங்கிவிட்டால் பின் சீட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 10 நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாகக் குறையாது. சைல்டு லாக் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வெளி ஹேண்டில் வேலை செய்கிற கதவில் போடுங்கள். வேலை முடியும்வரை ஆத்தாவை முன் சீட்டில், இடது பக்கம் உட்கார வையுங்கள். குழந்தையை ஓரத்தில் வண்டி முழுசாக நின்றபிறகு நீங்களே வந்து இறக்குங்கள்.

பட்டறைக்குப் போனால் லாக் செட் வாங்குவதற்கு முன்னால் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு மூடியிருக்கும்போது கழற்றுவது சிரமம், பின் சீட்டை எடுத்தால்தான் இடம் கிடைக்கும், அதற்குக் கூலி கேட்டால் அது நியாயமான கூலி, கொடுங்கள். கண்ணாடி இடுக்கில் ஸ்கேல் விட்டு நெம்ப மட்டும் யாரையும் விடாதீர்கள், வயர் போகும், பீடிங் கிழியும், சில வண்டிகளில் ஏர்பேக்குக்கான சென்சாரும் கதவுக்குள்ளேயே இருக்கிறது. பேட் வந்துவிட்டால் லாட்ச் நெம்பியைக் கையால் தள்ளியே கதவைத் திறந்துவிடலாம், கிளிப் உடைந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

புதுக் கிளிப் போட்டபிறகு கதவைத் திறந்து வைத்தபடியே ஒரு ஸ்க்ரூடிரைவரால் லாட்ச்சின் கொக்கியை இரண்டு முறை "டக் டக்" என்று மூட வைத்து, வெளி ஹேண்டிலை இழுங்கள், கொக்கி விட வேண்டும். மறுபடி மூட வைத்து, சைல்டு லாக்கை எடுத்துவிட்டு உள் ஹேண்டிலை இழுங்கள். இரண்டும் விட்டபிறகுதான் கதவைச் சாத்த வேண்டும், அதற்கு முன்னால் யாராவது தெரியாமல் சாத்திவிட்டால் பின் சீட்டைக் கழற்றுவதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.