டெபியன் 13-லிருந்து டெஸ்டிங்குக்கு: ‘ஒய்’ அழுத்துறதுக்கு முன்னாடி

[திரை: டெபியன் 13 டெஸ்க்டாப்]

லினக்ஸ் இயங்குதளமான டெபியனோட 13-வது வெர்ஷன், அதாவது ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9-ல் வெளியாச்சு. அதில் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) வெர்ஷன்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும்தான் வரும். புது வெர்ஷன்கள் வேணும்னா, அடுத்த வெளியீடு உருவாகிக்கிட்டிருக்கிற டெஸ்டிங் கிளைக்குப் போகணும். அதோட பேர் ஃபோர்க்கி.

போறது சுலபம். திரும்புறதுக்கு வழி கிடையாது. டவுன்கிரேடை டெபியன் ஆதரிக்கிறதே இல்ல. அதனால ஹோம் (உங்க ஃபைல்கள்), எட்சி (சிஸ்டம் செட்டிங்ஸ்) ரெண்டு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்க.

[திரை: சிட், டெஸ்டிங், ஸ்டேபிள் — அம்புக்குறி]

புது பேக்கேஜ் முதல்ல சிட் கிளையில் நுழையும். பெரிய பிழை பதிவாகலைன்னா வழக்கமா 2 முதல் 10 நாள்ல டெஸ்டிங்குக்கு வரும். பாதுகாப்புத் திருத்தமும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் வரணும், அதனால தாமதமாகும். 2024 மார்ச் 29-ல் எக்ஸ்இசட்ங்கிற கம்ப்ரஷன் மென்பொருளில் ஒளிச்சு வச்ச பின்கதவு அம்பலமானப்போ, அது இருந்த வெர்ஷன்கள் சிட், டெஸ்டிங் ரெண்டுலயும் ஏற்கனவே இருந்துச்சு, அதிகாரபூர்வமா வெளியான ஸ்டேபிள் கிளையில் இல்ல. கண்டுபிடிச்ச ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், சிட் ஓடுற மெஷினில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையுற) லாகின் அரை வினாடி இழுக்குதேன்னு தோண்டிப் பார்த்தவர். சம்பளக் கணக்கு ஓடுற மெஷினை டெஸ்டிங்குக்கு மாத்தவே மாத்தாதீங்க.

[திரை: டெர்மினல்]

ட்ரிக்ஸியை முழுசா அப்டேட் பண்ணி ரீபூட் பண்ணுங்க. வெளியார் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு), பேக்போர்ட்ஸ் (ஸ்டேபிளுக்குன்னு தயாரிச்ச புது வெர்ஷன்கள்) எல்லாத்தையும் அணைச்சிடுங்க. டிஸ்க்கில் 10 ஜிபி காலியா இருந்தா நிம்மதி. பூட் பார்ட்டிஷன் தனியா இருந்தா அதையும் பாருங்க. அது நிரம்பினா கெர்னல் (இயங்குதளத்தோட மையப் பகுதி) இன்ஸ்டால் பாதியில் நின்னுடும்.

பேக்கேஜ் எங்கேயிருந்து இறங்கணும்னு சொல்ற சோர்சஸ் ஃபைலில் ‘ட்ரிக்ஸி’ வர்ற இடமெல்லாம் ‘ஃபோர்க்கி’ன்னு மாத்துங்க. ‘டெஸ்டிங்’னு போட்டா, ஃபோர்க்கி ஸ்டேபிள் ஆன அன்னைக்கு உங்க மெஷின் அதுக்கும் அடுத்த கிளைக்குத் தாவிடும். பேரைப் போட்டா ஃபோர்க்கியிலேயே நிற்கும். ட்ரிக்ஸி வரி ஒண்ணு, ஃபோர்க்கி வரி ஒண்ணுன்னு கலந்து வைக்கவே கூடாது. லைப்ரரிகள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்.

அப்புறம், பேக்கேஜ்களை நிர்வகிக்கிற ஆப்ட் கருவியில் ‘ஆப்ட் அப்டேட்’ ஓட்டுங்க. அடுத்து, ஃபுல்-அப்கிரேடை டவுன்லோட்-ஒன்லி ஆப்ஷனோட ஓட்டுங்க; நெட் நடுவில் போனாலும் கவலையில்ல. எல்லாம் இறங்கினதும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போங்க. டெஸ்க்டாப் டெர்மினலில் ஓட்டினா, டிஸ்ப்ளே சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்போது டெர்மினலே மூடி, அப்கிரேடு பாதியில் நிற்கலாம்.

இப்போ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்.

[திரை: நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியல்]

இங்க நிதானமா இருங்க. இந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியா படிங்க. பழைய லைப்ரரிகள் போனா பரவாயில்ல. க்னோம் (டெஸ்க்டாப்), நெட்வொர்க் மேனேஜர், க்ரப் (பூட் லோடர்) மாதிரி பேர் தெரிஞ்சா ‘என்’ அழுத்தி வெளிய வந்துடுங்க. ஏதோ ஒரு லைப்ரரி மாறுது, அதைச் சார்ந்த பேக்கேஜ்கள் இன்னும் டெஸ்டிங்குக்கு வந்து சேரலைன்னு அர்த்தம். சில நாள் கழிச்சு மறுபடி ஓட்டினா பெரும்பாலும் பட்டியல் சுருங்கியிருக்கும்.

பட்டியல் சரின்னா ‘ஒய்’. நடுவில் கான்ஃபிக் ஃபைலை மாத்தலாமான்னு கேட்டா, நீங்க கைவச்ச ஃபைலுக்குப் பழசையே வச்சுக்கோங்க.

ரீபூட் பண்ணினதும் கருப்புத் திரைதான் வருதா? என்விடியா கார்டு இருந்தா, புது கெர்னலுக்கு டிரைவர் மாட்யூல் கம்பைல் ஆகாம போயிருக்கலாம். க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் பூட் பண்ணிப் பாருங்க. புது கெர்னல் ஒழுங்கா ஓடுறதைப் பார்த்த பிறகு மட்டும், இனி தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்குற ஆட்டோரிமூவ் ஓட்டுங்க.