முன்னோட்ட ஆய்வில் எதைக் கேட்பது?

ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வுத் திட்டங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வரும். அவற்றில் ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கும்: "முன்னோட்ட ஆய்வு நடத்தப்படும்." அதாவது, முதன்மை ஆய்வுக்கு முன் சிறிய அளவில் நடத்திப் பார்க்கும் வெள்ளோட்டம். அவ்வளவுதான். யாரிடம், எதற்காக, என்ன தெரியவந்தால் திட்டத்தை மாற்றுவீர்கள் என்று ஒரு சொல்கூட இருக்காது. நெறியாளர் கேட்பாரே என்று போட்டுவைத்த வரி அது. இன்று அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முன்னோட்ட ஆய்வு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஆய்வை இப்படி நடத்த முடியுமா? மருந்து வேலை செய்கிறதா, புதிய கற்பித்தல் முறையால் மதிப்பெண் கூடுகிறதா என்பதெல்லாம் முதன்மை ஆய்வின் பாடு. ஆள் கிடைப்பார்களா, வந்தவர்கள் கடைசிவரை இருப்பார்களா, கேள்வி புரிகிறதா, கருவி ஒழுங்காக அளக்கிறதா என்பதே வெள்ளோட்டத்தில் தெரிய வேண்டும்.

ஆள் கிடைப்பதையே எடுத்துக்கொள்வோம். லூயி லசான்யா என்ற அமெரிக்க மருந்தியலாளரின் பெயரில் ஒரு 'விதி' உண்டு. ஆய்வு தொடங்கியதுமே தகுதியான நோயாளிகள் காணாமல் போய்விடுவார்களாம். கேட்டால் சிரிப்பு வரும். கணக்கும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. பிரிட்டனில் பொது நிதியில் 1994க்குப் பிறகு தொடங்கி 2003க்குள் முடிய வேண்டியிருந்த 114 மருத்துவச் சோதனைகளை ஆராய்ந்து பார்த்தார்கள். முதலில் குறித்த எண்ணிக்கைக்கு ஆள் சேர்த்தவை 31 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவை காலநீட்டிப்பு வாங்கியிருந்தன. ஆகவே முன்னோட்டத்தில் எத்தனை பேரை அணுகினோம், எத்தனை பேர் தகுதியானவர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 'வரமுடியாது' என்பவர்களில் பாதிப் பேர் மாலை நேரம் என்றால் வருவோம் என்றால், மாற்ற வேண்டியது உங்கள் நேர அட்டவணை.

அப்புறம் வினாப்பட்டியல். 'கடந்த வாரம் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்தீர்கள்?' பார்த்தால் எளிமையான கேள்வி. ஆனால் பதில் சொல்பவரிடம், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். ஒருவருக்குக் கடந்த வாரம் என்பது நேற்றுவரையிலான ஏழு நாள். இன்னொருவருக்குச் சென்ற ஞாயிறோடு முடிந்த வாரம். வேலைக்கு நடந்துபோவதை ஒருவர் கணக்கில் சேர்ப்பார், மற்றவர் சேர்க்கமாட்டார். உடற்பயிற்சியே செய்யாதவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். அது பூஜ்யமா, பதில் சொல்ல மறந்ததா? கணினியில் ஏற்றுகிறவர் முன்னால் அந்தக் காலிக் கட்டம் வரும்போதுதான் இந்தக் கேள்வியே எழும். அதனால்தான் சொல்கிறேன், முன்னோட்டத் தரவைச் சேகரித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். எக்செல்லில் ஏற்றி, கடைசியில் ஆய்வேட்டில் வரப்போகும் அட்டவணையை இப்போதே போட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வி எந்த அட்டவணைக்கும் போகவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? பத்துப் பேர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இருபது பேரில் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரிடம் அது ஒருமுறைகூடத் தலைகாட்டாமல் போக 60 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு தடவையாவது கண்ணில் படும் என்று 95 சதவீத உறுதி வேண்டுமானால் 59 பேர் தேவை. பெரிய குறைகளைப் பிடிக்கத்தான் பத்துப் பேர் போதும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் மாதிரி அளவை, அதாவது முதன்மை ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்பதைக் கணக்கிடும்போது வருகிறது. முன்னோட்டத்தில் குழுவுக்கு 12 பேர் என்று புள்ளியியலாளர் ஜூலியஸ் 2005இல் தந்த கைக்கணக்கு பரவலாகப் புழங்குகிறது. தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் 12 பேரிடம் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 10 என்று வந்தால், உண்மையான மதிப்பு ஏறத்தாழ 7 முதல் 17 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 95 சதவீத நம்பக எல்லை அவ்வளவு அகலம். தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை திட்ட விலக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீங்கள் 200 பேர் என்று கணக்குப்போட்டால் உண்மையில் 100 பேரே போதுமானதாக இருக்கலாம், அல்லது 570க்கும் மேல் தேவைப்படலாம்.

திட்ட விலக்கமே இப்படி என்றால், இரு குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தை முன்னோட்டத்திலிருந்து எடுத்துக் கணக்குப்போடுவது இன்னும் மோசம். கிரேமரும் அவருடைய சகாக்களும் 2006இலேயே இதை எச்சரித்தார்கள். சிறிய மாதிரியில் தற்செயலாகப் பெரிய வித்தியாசம் வந்தால் உற்சாகமாக மேலே போகிறோம், சிறிதாக வந்தால் நல்ல யோசனையைக் கைவிடுகிறோம். முதலாவதில், பெரிய வித்தியாசத்தைக் காணக் கொஞ்சம் பேரே போதும் என்று கணக்கு சொல்வதால், முதன்மை ஆய்வுக்கு ஆள் போதாமல் போகும். குறைந்தபட்சம் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது பயனுள்ளது என்று துறை அறிந்தவர்களிடம் கேட்டு, அதை வைத்துக் கணக்குப்போடுங்கள். முன்னோட்டத்தில் பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) தேடி அலைவதை நான் நேரவிரயம் என்றே சொல்வேன்.

மேலே போவதா, திருத்துவதா, நிறுத்துவதா என்ற அளவுகோலை முன்னோட்டம் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். அணுகியவர்களில் பாதிப் பேர் சம்மதித்தால் பச்சை, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் சிவப்பு, இடைப்பட்டது மஞ்சள் என்பதுபோல. இந்த எண்களை அவரவர் ஆய்வுதான் தீர்மானிக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும்! முன்னோட்டச் சோதனைகளை எப்படி அறிக்கையிடுவது என்று 2016இல் வெளிவந்த கன்சார்ட் (மருத்துவச் சோதனைகளை அறிக்கையிடுவதற்கான வழிகாட்டி) விரிவாக்கமும் இந்த அளவுகோல்களைக் கேட்கிறது.

கூட்டத்துக்கு முன்பு ஒரு மாணவி, முன்னோட்டத்தில் கலந்துகொண்டவர்களின் தரவை முதன்மை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டார். வினாப்பட்டியலிலோ நடைமுறையிலோ எதையாவது மாற்றியிருந்தால் சேர்க்கக் கூடாது. அவர்கள் பதில் சொன்னது வேறு கேள்விக்கு. அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்பதும் வேண்டாம், கேள்விகள் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். எதுவும் மாறாது என்ற எண்ணத்தில், முதன்மை ஆய்வின் முதல் கட்டத்தையே உள் முன்னோட்டமாக வைப்பதாகத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்கியிருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.