இருட்டையும் சேர்த்துக் காப்பாற்றுவது

நேயர்களுக்கு என் வணக்கம். ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975-ஆம் ஆண்டு வெளியான 'பாரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படம், வீட்டில் பார்ப்பதற்கான வட்டாக வருவதற்கு எவ்வாறு செப்பனிடப்பட்டது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கும் கதை அது. மின்விளக்கு இல்லாத காலத்தை அக்காலத்து வெளிச்சத்திலேயே காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தோடு எடுக்கப்பட்ட படம் என்பதால், செப்பனிடுகிறவரின் கை எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது என்று கருதுகிறேன்.

இரவில் நடக்கும் உள்ளரங்கக் காட்சிகள் சிலவற்றை ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். அதற்காக, நாசாவின் தேவைக்கென்று ஸைஸ் நிறுவனம் உருவாக்கியிருந்த, எஃப் 0.7 என்னும் மிக அகன்ற திறப்புடைய 50 மில்லிமீட்டர் லென்ஸ்களை குப்ரிக் வாங்கி, மிட்செல் கேமரா ஒன்றை அவற்றுக்கேற்ப மாற்றியமைக்கச் செய்தார். அத்தகைய லென்ஸில் குவியத்தின் ஆழம் மிகக் குறைவு. நடிகர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். போதாக்குறைக்கு, வெளிச்சக் குறைவை ஈடுகட்டப் படச்சுருளை வழக்கத்தைவிட ஒரு படி கூட்டிக் கழுவினார்கள். அதனால் கிரெய்ன் எனப்படும் நுண்துகளும் கூடியது. அந்த மங்கலையும் துகளையும் இருட்டையும் குறைகள் என்று எண்ணிக் களைந்தால், ஆல்காட்டுக்கு ஆஸ்கர் விருது வாங்கித் தந்த ஒளிப்பதிவையே களைந்தவர்கள் ஆவோம்.

இன்றைய மென்பொருள் அதைச் சில மணி நேரத்தில் செய்துவிடும் என்பதுதான் என் கவலை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இப்படத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் இருக்கின்றன. கீறலையும் தூசியையும் தானாகத் துடைக்கும் கருவி, துடித்து மறையும் மெழுகுவர்த்திச் சுடரின் நுனியையும் தூசி என்று எண்ணித் துடைத்துவிடக்கூடும் என்பதால், பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. துகளை நீக்கும் கருவியோ இன்னும் ஆபத்தானது. வெண்பூச்சு பூசிய பிரபுக்களின் முகத்தில் அந்தப் பூச்சின் சொரசொரப்பும், சட்டைக் கையின் லேஸ் பின்னலும் துகளோடு துகளாகப் போய், முகங்கள் பொம்மை முகங்களாக எஞ்சும்.

ஃபிரேமின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011-இல் வெளியான புளூ-ரே வட்டில் படம் 1.78-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தது. அது ஏறத்தாழ இன்றைய தொலைக்காட்சித் திரையின் விகிதம். ஆனால் குப்ரிக் 1975 டிசம்பரில் திரையரங்க ஆபரேட்டர்களுக்கு எழுதிய கடிதம் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தபோது, படம் எடுக்கப்பட்டது 1.66-க்கு 1 என்ற விகிதத்தில்தான் என்றும், அப்படியே காட்ட வேண்டும் என்றும் அதில் தெளிவாக இருந்தது. திரையில் விழும் ஒளி எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது, எதைத் தாண்டக்கூடாது என்பதையும் அவர் அதில் குறித்திருந்தார். அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 1.66-ஐ 1.78 ஆக்கினால் உயரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு போய்விடும். அற்ப அளவு என்று தோன்றலாம். ஆனால், ஒரு முகத்திலோ கைத்துப்பாக்கியிலோ தொடங்கி, மெல்லப் பின்வாங்கி, பரந்த வானத்துக்குக் கீழே மனிதர்களைச் சிறு உருவங்களாகக் காட்டும் இப்படத்தின் ஜூம் காட்சிகளில் வானம் சிறிது குறைந்தாலும் காட்சியின் எடை மாறிவிடுகிறது.

கிரைடீரியன் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வட்டில், 35 மில்லிமீட்டர் மூல நெகட்டிவை 4கே தரத்தில் ஸ்கேன் செய்து, 1.66 விகிதத்தையும் படம் வெளியானபோது இருந்த மோனோ ஒலியையும் கொடுத்தார்கள். இருட்டு இருட்டாகவே இருக்கிறது, துகள் அசைகிறது.

இவ்வளவு கவனத்தோடு செப்பனிட்ட படத்தை நம் வீட்டுத் தொலைக்காட்சியே கெடுத்துவிடக்கூடும். அசைவைச் சீராக்குவதற்கென்று இருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பளிச்சென்ற 'விவிட்' அமைப்பை விடுத்து, 'சினிமா' அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிந்தால், திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்காதீர்கள்; அறை விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.