தும்மலா, மூச்சா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஏழு நிமிஷம்தான் கொடுத்திருக்கீங்க; வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

'இன்றைய நாடகங்களில் மனதில் நிற்பது முழுநீள நாடகமா, குறுநாடகமும் தனிநடிப்புமா?' நாங்க குறுநாடகக் கட்சி. கடுகு, காரம், ஏழு சீர்க் குறள், மூணையும் எங்க அணித் தலைவரே சொல்லி முடிச்சுட்டார். எனக்கு மிச்சம் ஒண்ணும் வைக்கல. நல்லவேளை, எதிரணி அண்ணன் கொஞ்சம் கொடுத்துட்டுப் போயிருக்கார்.

என்ன சொன்னார்? "நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனை அணைச்சு, நிமிர்றதுக்குள்ள திரை விழுந்துடுது. இது நாடகமா, தும்மலா?" அரங்கமே கைதட்டிச்சு. நானும் தட்டினேன். நல்ல வரி, விடக்கூடாது. ஆனா அண்ணே, நீங்க கிண்டலுக்குச் சொன்னதை ஒருத்தர் 1969-லேயே நிஜமா எழுதிட்டார். தும்மல்கூட இல்லை, ஒரே ஒரு மூச்சு. சாமுவேல் பெக்கெட். அதே வருஷம் நோபல் பரிசு வாங்கின மனுஷன். நாடகத்துக்குப் பேரே 'ப்ரெத்', மூச்சுதான். மேடையில் நடிகர் கிடையாது, வசனம் கிடையாது. மொத்தம் 35 விநாடி.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நடுவர் கையில் மணி இருக்கு, கடிகாரமும் இருக்கு. இங்கேயே போட்டுப் பார்த்துடலாம்.

மங்கலான வெளிச்சம். மேடை முழுக்கக் குப்பை. என்ன குப்பைன்னு சொல்லலை; ஆனா எதுவும் நிமிர்ந்து நிற்கக் கூடாது, எல்லாம் சிதறிக் கிடக்கணும்னு எழுதி வெச்சிருக்கார். 5 விநாடி அதையே பார்க்கிறோம். ஒரு சின்ன அழுகைச் சத்தம், பிறந்த குழந்தை முதல்ல அழுமே, அது. உடனே மூச்சு உள்ளே போகுது. கூடவே வெளிச்சம் ஏறுது. 10 விநாடி. அப்படியே நிற்குது, 5 விநாடி. இப்போ மூச்சு வெளியே வருது, வெளிச்சம் இறங்குது. 10 விநாடி. மறுபடி அதே அழுகை. 5 விநாடி அமைதி. முடிஞ்சது. கூட்டிப் பாருங்க, 35 சரியா வரும்.

அண்ணன் கேட்பார், இதில் ரசிக்க என்ன இருக்குன்னு. அந்த வெளிச்சத்தைப் பாருங்க அண்ணே. கும்மிருட்டு பூஜ்யம், முழு வெளிச்சம் 10-னு வெச்சுக்கிட்டா, 3-இல் ஆரம்பிச்சு 6-இல் நிறுத்தச் சொல்றார். பிறந்ததிலிருந்து போறவரைக்கும் ஒரு மனுஷனுக்குக் கிடைக்கிற உச்சபட்ச வெளிச்சம் 6! 10 கிடையாது! லைட் போடறவர் உற்சாகமாகி 10-க்கு ஏத்திட்டார்னா நாடகம் போச்சு. மூச்சு நின்ன பிறகும் விளக்கு ஏறிக்கிட்டே இருந்தா சபை கொல்லுனு சிரிச்சுடும். முதல் அழுகையும் கடைசி அழுகையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், அதுக்காகவே பதிவு செஞ்ச ஒலி. ரெண்டாவதை வேற மாதிரி போட்டீங்கன்னா அது வெறும் சாவுச் சத்தம். ஒரே சத்தத்தைப் போட்டாத்தான், பிறந்தப்போ அழுத அதே அழுகைன்னு நமக்கு உறைக்கும்.

இதையும் ஒருத்தர் கெடுத்தார். நியூயார்க்கில் 'ஓ! கல்கத்தா!'ன்னு ஒரு தொகுப்பு நிகழ்ச்சி, அதே 1969. அதில் இந்தக் குட்டி நாடகத்தையும் சேர்த்தாங்க. குப்பை மட்டும் போதாதுன்னு நடுவில் நிர்வாண உடம்புகளையும் கிடத்திட்டாங்க. பெக்கெட் கொதிச்சுப் போனார். ஏன்? ஆள் இல்லாத வரைக்கும் அது உங்க மூச்சு, என் மூச்சு. உடம்பைக் கொண்டுவந்து போட்ட நிமிஷமே அது அந்த உடம்புகளோட கதை ஆயிடுச்சு. மூணு மணி நேர நாடகத்தில் தப்பான சாமான் ஒண்ணு மேடைக்கு வந்தா ஒரு காட்சிதான் கெடும். இங்கே நாடகமே காலி. இப்போ சொல்லுங்க, எது கஷ்டம்?

அண்ணன் விடமாட்டார், அது பழைய ஆள்னு சொல்வார். சரி, 2012-க்கு வாங்க. கேரில் சர்ச்சில்னு ஒரு நாடகாசிரியர், அவங்க எழுதின 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்'. சாயங்காலம் ஒண்ணுதான், அதுக்குள்ள ஐம்பதுக்கும் மேலே குட்டிக் காட்சிகள், நூற்றுக்கும் மேலே பாத்திரங்கள். எந்த வரியை யார் பேசணும்னுகூட எழுதலை. அண்ணன் கணக்குப்படி ஐம்பது தும்மல். அது ஜலதோஷம் இல்லைண்ணே, அதுக்குப் பேர் கலை!

எதிரணிச் சகோதரி, "தனிநடிப்புன்னா மேடையில் போன் பேசறது"ன்னாங்க. பாதி உண்மை, ஒத்துக்கிறேன். "என்னது? நேத்து எங்கே போனேன்னா கேட்கறே? ஏன் கடிதம் போடலைன்னா கேட்கறே?" கேட்காத குரலோட கேள்வியை நடிகையே திருப்பிச் சொல்றது. எழுத்தாளருக்குத் தகவல் கொடுக்க வேற வழி தெரியலைன்னு அர்த்தம். நல்ல தனிநடிப்பில் வேற மூணைக் கவனிங்க. யார்கிட்டே பேசறாங்க? ஏன் இன்னிக்குப் பேசறாங்க? எதைச் சொல்லாம விடறாங்க? அந்த மூணாவதுதான் நாடகம்.

ஆலன் பென்னெட் பிபிசி டிவிக்காக எழுதின தனிநடிப்புத் தொடர் 'டாக்கிங் ஹெட்ஸ்', 1988. அதில் 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்'. தனியா வாழற ஒரு அம்மா, வேலையே புகார்க் கடிதம் எழுதறது. ஜன்னல் வழியா எதிர்வீட்டைப் பார்க்கிறாங்க. ராத்திரி ஆனா புருஷனும் பொண்டாட்டியும் கிளம்பிடறாங்க, குழந்தையைக் கவனிக்கவே இல்லைன்னு கடிதம் மேல கடிதம். நாமும் நம்பறோம், ஏன்னா நம்ம முன்னாடி அவங்க மட்டும்தானே இருக்காங்க! அப்புறம் தெரியுது, குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். அவங்க போனது ஆஸ்பத்திரிக்கு. குழந்தை இறந்தும் போச்சு. அந்த அப்பாவும் அம்மாவும் நம்ம கண்ணுல படவே இல்லை. ஒரு வரி பேசலை. ஆனா நம்ம தொண்டையில் நிற்கிறது அவங்கதான். கடைசியில் அந்த அம்மா ஜெயிலுக்குப் போறாங்க. போய் என்ன ஆகறாங்க தெரியுமா? சந்தோஷமா இருக்காங்க. முதல் தடவையா பேச்சுத்துணை கிடைச்சிருக்கு. வில்லியா, பாவமா? முடிவு பண்ண முடியலை.

பத்து நிமிஷ நாடகத்துக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஒரு நிமிஷம், பத்துப் பக்கம். மூணு பக்கம் அறிமுகத்துக்கே போயிட்டா அப்புறம் சிக்கல் எங்கே வரும், எங்கே தீரும்? நடுவில் மூணு தடவை இருபது விநாடி விளக்கணைச்சா ஒரு நிமிஷம் இருட்டிலேயே போச்சு. பார்க்கிறவங்களுக்கும் சொல்றேன்: ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா அஞ்சில் ஒரு பங்கு நாடகம் போச்சு. அதுக்குத்தான் கதவைச் சாத்தறாங்க. கோவிச்சுக்காதீங்க.

மணி அடிச்சுட்டீங்க, கேட்டுச்சு. தர்க்கம் போதும் நடுவர் அவர்களே. குளிருக்குப் போடற கோட்டு, அதில் ஒண்ணே ஒண்ணைப் பத்திச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

டங்கன் மேக்மில்லன், 'எவ்ரி பிரில்லியண்ட் திங்', 2013. ஒரே நடிகர், ஒரு மணி நேரம். ஏழு வயசுப் பையன். அம்மா வாழப் பிடிக்காம ஆஸ்பத்திரியில் கிடக்கிறாங்க. அம்மாவுக்காக, வாழ்க்கையில் நல்லா இருக்கிற விஷயங்களை நம்பர் போட்டு எழுத ஆரம்பிக்கிறான். முதல் நம்பர் ஐஸ்கிரீம். நாடகம் தொடங்கறதுக்கு முன்னாடியே அந்த நடிகர் பார்வையாளர்களுக்குச் சீட்டுகளைக் கொடுத்துடறார். அவர் நம்பரைச் சொன்னா, அந்தச் சீட்டு வெச்சிருக்கிறவர் இருந்த இடத்திலிருந்தே உரக்கப் படிக்கணும்.

அந்தப் பையன் முதல்ல பார்த்த சாவு, வீட்டு நாயோட சாவு. நடிகர் பார்வையாளர் ஒருத்தர்கிட்டே கோட்டைக் கேட்டு வாங்கறார். கையில் மடிச்சுப் பிடிக்கிறார், அதுதான் நாய். இன்னொரு பார்வையாளர் கால்நடை மருத்துவர். நாயை வலியில்லாம அனுப்பி வைக்கிற கடைசி ஊசி, அதுக்கு ஒரு பேனா. நடிப்புப் பயிற்சியே இல்லாத ஒருத்தர், அத்தனை பேருக்கு முன்னாலே, அந்தப் பேனாவைக் கோட்டுத் துணியில் வைக்கணும். அது துணிதான்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் மெதுவாத்தான் வைப்பார்.

நாடகம் முடிஞ்சு விளக்குப் போட்டாச்சு. கோட்டு அதன் சொந்தக்காரர் கைக்கு வந்துடுச்சு. வெளியே குளிர். அவர் அதை எப்படிப் பிடிச்சுக்கிட்டு நடப்பார்னு நினைச்சுப் பாருங்க, அண்ணே.

வணக்கம்.