ஏழடிக்குள் அடங்கிய படகுகள்

அவையோர்க்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் ஒரு படகு 70 அடி நீளம் வரை இருக்கலாம். அகலம் மட்டும் 7 அடிக்குள் அடங்கியாக வேண்டும். இந்த வரம்பை வகுத்தவர் எனக் கருதப்படும் கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியைத் தொலைநோக்கு இல்லாதவர் என்று குறை கூறுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை.

1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் அகலமான படகுகளுக்கு வழி செய்தவரும் அவரே. ஆனால் 1766-இல் பணி தொடங்கிய ட்ரென்ட்-மெர்சி கால்வாயின் வழியில் ஹேர்காஸில் குன்று நின்றது. அதற்குள் 2,600 மீட்டருக்கு மேல் நீளும் சுரங்கவழியைக் குடைய வேண்டியிருந்தது. அகலத்தில் கூடும் ஒவ்வோர் அடிக்கும் அவ்வளவு தொலைவுக்குப் பாறையை உடைத்தாக வேண்டும். ஒடுக்கமாக வெட்டியுமே அப்பணி 11 ஆண்டுகள் நீடித்தது. பிரிண்ட்லி 1772-இல் இறந்துவிட்டதால் அதன் நிறைவைக் காணவில்லை. உள்ளே படகை இழுக்கும் குதிரை நடக்கக் கரைகூட இல்லை. குதிரையைக் குன்றின் மேலே ஓட்டிச் செல்வார்கள். படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுரங்கத்தின் சுவரைக் கால்களால் உந்தி உந்தி அந்த இருட்டில் படகை நகர்த்துவார்கள்.

தண்ணீரும் ஒரு காரணம். மேட்டில் ஏறி இறங்கும் படகுகளுக்காக நீர்ப்பூட்டை, அதாவது இருபுறமும் கதவுள்ள தொட்டியை, நிரப்பித் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்தத் தொட்டி கொள்ளும் நீர் முழுவதும் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. அகலத்தை 14 அடியாக்கினால் இழப்பும் இரு மடங்காகும். உச்சிப் பகுதியிலோ நீர்த்தேக்கங்களை நம்பித்தான் கால்வாய் ஓடுகிறது.

இவ்வரம்பு ஒரு கால்வாயோடு நிற்கவில்லை. ட்ரென்ட்-மெர்சியின் கிழக்குக் கோடியில், பர்ட்டன் நகருக்குக் கீழே உள்ள நீர்ப்பூட்டுகள் 14 அடி அகலமானவை; எனினும் அங்கு வரும் அகலப் படகு பர்ட்டனைத் தாண்ட இயலாது. வழிநெடுக எங்கு மிக ஒடுக்கமோ, அந்த இடமே படகின் அகலத்தை முடிவு செய்தது.

லண்டனை நோக்கிப் பொறியாளர் வில்லியம் ஜெசப் அமைத்த கிராண்ட் ஜங்ஷன் கால்வாயில் நீர்ப்பூட்டுகள் 14 அடி அகலத்தில் கட்டப்பட்டன. ஆனால் அதன் பிளிஸ்வொர்த், பிரான்ஸ்டன் சுரங்கங்களில் இரண்டு ஒடுக்கப் படகுகள்தாம் எதிரெதிரே கடக்க முடியும். அகலப் படகு ஒன்று நுழைந்தால் எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்தியாக வேண்டும். அதற்கு வடக்கே ஃபாக்ஸ்டனில் நீர் சிக்கனத்துக்காக மீண்டும் ஏழடி நீர்ப்பூட்டுகளே கட்டப்பட்டன.

1930-களில், கிராண்ட் ஜங்ஷனைத் தன்னுள் கொண்ட கிராண்ட் யூனியன் கால்வாய் நிறுவனம் பர்மிங்ஹாம் பாதையில் 50-க்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகளை அகலமாகக் கட்டியது. 12½ அடி அகலத்தில் 'புரோகிரஸ்' என்ற சோதனைப் படகையும் இறக்கியது. ஆயினும் அவ்வகைப் படகுகள் பெருகவில்லை. சுரங்கங்களும் ஃபாக்ஸ்டனும் பழையபடியே இருந்தன. பாதி வழியை மட்டும் அகலமாக்கினால் சரக்கு அகலப் படகுக்கு மாறாது என்பதை அந்த முதலீடு காட்டியது. என்றாலும் அது முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். எந்திரப் படகும் அது இழுத்துவரும் துணைப்படகும் அருகருகே நின்று ஒரே முறையில் ஏறி இறங்க அந்த நீர்ப்பூட்டுகள் உதவின.

இன்று இந்தக் கால்வாய்களில் ஓடுபவை பெரும்பாலும் உல்லாசப் படகுகளே. அவற்றை 6 அடி 10 அங்குலத்தில் கட்டுகிறார்கள். அந்த இரண்டங்குல இடைவெளி மிகையன்று: ஹர்ல்ஸ்டனில் நீர்ப்பூட்டின் சுவர்கள் உட்புறமாகச் சரிந்து படகுகள் சிக்கிக்கொண்டதால், அச்சுவர்களைப் பிரித்து மீண்டும் கட்ட நேர்ந்தது.