முத்துமாலையும் பேரீச்சம்பழமும்

அவைத்தலைவர் அவர்களே, கூடத்தை வாடகை வாங்காமல் கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, இன்று முகூர்த்த நாளாக இருந்தும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, என் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுவிட்ட செயலாளர் தம்பி அவர்களே (நான் முனைவர் இல்லை), வணக்கம்.

‘தி லாஸ்ட் கமாண்ட்’ படத்தில் காதல், புரட்சி, நடிப்பு என்று மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் இருக்கிறது. பார்ப்போம்.

ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் 1928இல் தந்த மௌனப் படம். கதை நடப்பது 1917 ரஷ்யாவில். ஜார் படைத் தளபதியாக எமில் ஜானிங்ஸ். அவரைக் கொல்ல வரும் புரட்சிக்காரியாக ஈவ்லின் பிரென்ட். துப்பாக்கி இருந்தும் அவள் சுடவில்லை; ரஷ்யாவை இவ்வளவு நேசிக்கிறவரைக் கொல்ல மனம் வரவில்லையாம். புரட்சி வெடித்ததும் கூட்டத்தோடு சேர்ந்து அவரைத் தூற்றுவதுபோல நடித்து, ரயிலிலிருந்து தப்பவைக்கிறாள். அவர் தந்த முத்துமாலையையே வழிச்செலவுக்குக் கொடுக்கிறாள். அவர் குதித்த சற்று நேரத்தில் பாலம் இடிந்து, ரயில் உறைந்த ஆற்றுக்குள் போகிறது. அவளும்தான்.

பத்து வருஷம் கழித்து அவர் ஹாலிவுட்டில் துணை நடிகர். நாளுக்கு ஏழரை டாலர். தலை ஓயாமல் ஆடுகிறது. கிடைத்த வேடம் ரஷ்யத் தளபதி! பதக்கத்தை எங்கே குத்த வேண்டும் என்று உதவி இயக்குநர் அவருக்கே பாடம் நடத்துகிறார்.

1929இல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் ஜானிங்ஸ்தான் சிறந்த நடிகர். விருது இரண்டு படங்களுக்குச் சேர்த்து. இன்னொரு படம் சில துண்டுகள் தவிர இன்று இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

எங்கள் மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். கொட்டகை மூடியபோது கூலிக்குப் பதிலாக நாலு ஃபிலிம் பெட்டி கிடைத்தது. பரணில் கிடந்தன. திறந்தால் காடி வாசனை மூக்கைத் துளைக்கும். ஒருநாள் “பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்” என்று தெருவில் குரல். அத்தை நாலையும் போட்டுவிட்டார். வியாபாரி தகரத்தை எடுத்துக்கொண்டு சுருளைச் சாக்கடை ஓரம் கொட்டினார். நாங்கள் பசங்கள் அதை இடுப்பில் சுற்றி, வால் கட்டி, அனுமார் ஆட்டம் ஆடினோம். மாமா வேலை முடிந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு துண்டை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். அன்று நான் தின்ற பேரீச்சம்பழம் ஐந்து.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’, அதுவும் இல்லை. மறுபடி சொல்கிறேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தலைவர் அவர்களே, மாவட்டத்துக்கு ஒரு குளிரூட்டிய அறை, ஈரம் ஏறாத அறை, பழைய ஃபிலிம் வைக்க வேண்டும். அதுதான் கோரிக்கை.

புரட்சியைப் பற்றிப் பேசவே இல்லை என்று செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, அது அடுத்த கூட்டத்தில். மனு வாசலில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், வரிசையில் வாருங்கள்.